பழங்குடியினரின் மரபறிவு: காடு, பள்ளி, உரிமை குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

2020ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை பழங்குடியினரின் அறிவைப் பாடத்தில் சேர்க்கச் சொல்கிறது. கடைகளில் மலைத்தேன் புட்டிகளில் 'பாரம்பரியம்' என்று அச்சிட்டிருக்கிறார்கள். பேச்சு பெருகிய அளவுக்குப் புரிதல் பெருகவில்லை. மேற்குத் தொடர்ச்சி மலையிலும் அதன் அடிவாரத்திலும் வாழும் மக்களை முன்வைத்து, என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

மரபறிவு என்றால் மூலிகை வைத்தியம்தானே?

மூலிகை அதில் ஒரு சிறு பங்கு. எந்த மரத்தில் எந்த மாதம் பூ வரும், யானை எந்த வழியாக இறங்கும், கிழங்கை எவ்வளவு தோண்டி எவ்வளவு மண்ணில் விட வேண்டும், ஒரு பாறையில் தேன் எடுக்கும் முறை எந்தக் குடும்பத்துக்கு உண்டு, செத்தவருக்கு எந்தப் பாட்டு என எல்லாம் சேர்ந்ததுதான் மரபறிவு. இவற்றில் ஒன்றை மட்டும் உருவி எடுத்தால் கையில் மிஞ்சுவது ஒரு குறிப்புதான். மேற்குத் தொடர்ச்சி மலையின் பல இடங்களில், காட்டுக் கிழங்கு தோண்டுகிறவர்கள் கொடியோடு இருக்கும் தலைப்பகுதியைத் திரும்பக் குழியில் வைத்து மண் மூடுவார்கள். அடுத்த பருவத்துக்கான விதைப்பு அது. "கிழங்கு உண்கிறார்கள்" என்று மட்டும் எழுதிக்கொண்டு போகிற ஆய்வாளருக்கு அந்த மண் மூடும் கை கண்ணில் படுவதே இல்லை.

பழங்குடி, ஆதிவாசி, மலைவாழ் மக்கள்: எப்படி அழைப்பது?

அரசு ஆவணங்களில் 'பழங்குடியினர்'. நீலகிரி மாவட்டத்தின் கூடலூர்ப் பக்கத்தில் மக்கள் தங்களையே 'ஆதிவாசி' என்று சொல்லிக்கொள்கிறார்கள். அவர்களுடைய அமைப்பின் பெயரே ஆதிவாசி முன்னேற்றச் சங்கம். 'மலைவாழ் மக்கள்' என்பது எல்லாருக்கும் பொருந்தாது. இருளர்களில் பெரும்பகுதியினர் வட தமிழகத்தின் சமவெளி மாவட்டங்களில், ஏரிக்கரையிலும் வயல் ஓரத்திலும் வாழ்கிறார்கள். 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் பழங்குடியினர் சுமார் 7.95 லட்சம் பேர். மக்கள்தொகையில் நூற்றுக்கு ஒருவர். தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர் ஆகிய ஆறு சமூகங்கள் மிகவும் நலிந்த நிலையில் உள்ள பழங்குடிகள் என்று வகைப்படுத்தப்பட்டிருக்கின்றன. முடிந்தவரை சமூகத்தின் பெயரைச் சொல்லியே பேசுங்கள். தோடரின் அறிவு வேறு, பணியரின் அறிவு வேறு.

தேன் எடுப்பதில் துணிச்சல் இருக்கிறது, சரி. அறிவு என்று என்ன இருக்கிறது?

கொம்புத் தேனுக்கு ஆசைப்பட்ட முடவனைப் பற்றிப் பழமொழி சொல்கிறோம். அந்தத் தேனை இறக்குகிறவரைப் பற்றி யோசிப்பதில்லை. நீலகிரியின் சரிவுகளில் குறும்பர்கள் செங்குத்துப் பாறைகளில் தொங்கும் மலைத்தேனீயின் அடைகளை இறக்குகிறார்கள். காட்டுக் கொடிகளைத் திரித்து ஏணி செய்கிறார்கள். எந்தக் கொடி, எவ்வளவு முற்றியது, எத்தனை நாள் தாங்கும் என்பது ஏணி செய்கிறவரின் விரலுக்குத் தெரிய வேண்டும்; தப்பினால் உயிர் போகும். மேலே கயிற்றைக் காப்பவர் பெரும்பாலும் மனைவியின் உடன்பிறந்தவர். தன் தங்கை விதவையாவதை அவர் விரும்ப மாட்டார் என்பதுதான் அதன் கணக்கு. பாதுகாப்பு விதியை உறவின் மேல் கட்டி வைத்திருக்கிறார்கள். என்னைப் பொறுத்தவரை இதைவிட நுட்பமான விதியை எந்தத் தொழிற்சாலையும் எழுதியதில்லை.

இலைதழைகளைப் புகையவிட்டுத் தேனீயை விலக்கும்போது பாடுகிறார்கள். தேனீயைப் புகழ்ந்தும் மன்னிப்புக் கேட்டும் பாடும் பாட்டுகள் அவை. எல்லா அடையையும் அறுப்பதில்லை. சில பாறைகளைத் தொடுவதே இல்லை. எப்போது ஏறுவது என்பதைக் காட்டில் பூத்தவை சொல்லும். சங்கப் பாடல்கள் இந்தத் தேனேணியை 'மால்பு' என்கின்றன. அந்தச் சொல் நம் பேச்சிலிருந்து போய்விட்டது. பொருள் இன்னும் பாறையில் தொங்கிக்கொண்டிருக்கிறது.

காட்டுக்குத் தீ வைப்பதை எப்படிப் பாதுகாப்பு என்கிறீர்கள்?

இந்தக் கேள்விக்குக் கொஞ்சம் விரிவாகப் பதில் சொல்ல வேண்டும். மிக அதிகமாகத் தவறாகப் புரிந்துகொள்ளப்பட்ட விஷயம் இது.

கர்நாடகத்தின் சாமராஜநகர் மாவட்டத்தில் பிளிகிரி ரங்கன் மலை இருக்கிறது. அங்கே வாழ்பவர்கள் சோளிகர்கள். சத்தியமங்கலம், தாளவாடி பக்கம் நம் எல்லைக்குள்ளும் அதே மக்கள் இருக்கிறார்கள். தமிழ்நாட்டுப் பட்டியலில் அவர்கள் பெயர் சோளகர். கோடையின் தொடக்கத்தில், புல்லும் சருகும் முழுதாகக் காய்வதற்கு முன்பே, இவர்கள் தரையோடு ஓடும் சிறு தீயை வைப்பார்கள். சோளிகர் பேச்சில் அது 'தரகு பெங்கி', அதாவது சருகுத் தீ. சருகு மட்டும் எரியும், மரம் நிற்கும், மழை வந்ததும் புதுப் புல் முளைக்கும். சருகு சேராததால் கடுங்கோடையில் பெருந்தீ பிடிக்க எரிபொருள் இருக்காது.

1974இல் அந்த மலை சரணாலயமானது. தீ வைப்பது குற்றமானது. இடம் மாற்றிச் செய்யும் மலை வேளாண்மையும் நிறுத்தப்பட்டது. அதன் பிறகு நம் ஊர்களில் வேலியோரம் பூக்கும் உண்ணிச்செடி அந்தக் காட்டின் அடித்தளத்தை நிறைத்தது. வெளிநாட்டிலிருந்து அழகுக்காகக் கொண்டுவரப்பட்ட செடி அது. அது அடர்ந்த இடத்தில் புல் வராது. புல் இல்லாத இடத்துக்கு மான் வராது. தீயை நிறுத்தியதால்தான் உண்ணி இவ்வளவு பரவியது என்று சோளிகர்கள் ஆரம்பத்திலிருந்தே சொல்லிவந்தார்கள்.

நெல்லிக்காய் விஷயமும் அப்படித்தான். காட்டு நெல்லியைப் பறித்து விற்பது சோளிகர்களின் முக்கிய வருமானம். நெல்லி மரங்கள் குறைவதற்கு அவர்கள் அளவுக்கு மீறிப் பறிப்பதே காரணம் என்று முதலில் சந்தேகிக்கப்பட்டது. சோளிகர்கள் மரத்தின் மேலே கையைக் காட்டினார்கள். அங்கே புல்லுருவி இருந்தது. பறவைகள் பரப்பும் இந்த ஒட்டுண்ணி கிளையில் வேரூன்றி மரத்தின் சாற்றை உறிஞ்சுகிறது. முன்பு சருகுத் தீ அதைக் கட்டுக்குள் வைத்திருந்தது, தீ நின்றதும் பெருகிவிட்டது என்றார்கள். புல்லுருவி பிடித்த நெல்லி மரங்களில் காய் குறைவதையும் மரமே பட்டுப்போவதையும் கள ஆய்வுகள் காட்டின. பறிக்கிற கையைக் குறைசொன்னவர்கள் மரத்தை நிமிர்ந்து பார்க்க வேண்டியிருந்தது.

இதைப் படித்துவிட்டு நாளைக்கே காட்டுக்குத் தீ வைக்கலாம் என்று யாரும் எண்ண வேண்டாம். இன்று உண்ணிச்செடி ஆளுயரத்துக்கு நிற்கிற இடத்தில் தீ வைத்தால் அது சருகுத் தீயாக இருக்காது; மர உச்சி வரை ஏறும். பழைய முறையை அப்படியே திருப்பிச் செய்ய இயலாத அளவுக்குக் காடு மாறிவிட்டது. எங்கே முதலில் செடியை வெட்டி அகற்ற வேண்டும், எந்த இடத்தில் எந்த வாரம் தீ வைக்கலாம் என்பதைத் தீர்மானிக்கும் இடத்தில் சோளிகரும் உட்கார வேண்டும். நான் கேட்பது அவ்வளவுதான்.

மனிதர்களை வெளியேற்றினால்தானே புலி வாழும்?

பிளிகிரி ரங்கன் மலை 2011இல் புலிகள் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. அதே 2011இல் அங்குள்ள சோளிகரின் சமூக வன உரிமைகளும் அங்கீகரிக்கப்பட்டன. புலிகள் காப்பகத்தின் உட்பகுதியில் அந்த உரிமை பெற்ற முதல் சமூகம் அவர்களே. புலியும் இருக்கிறது, சோளிகரும் இருக்கிறார்கள். புலியைத் தங்கள் தெய்வத்தின் வாகனமாக வணங்குகிற மக்கள் அவர்கள்.

காடு அழிந்த வரலாற்றை நீலகிரியில் பார்த்தால் இன்னும் தெளிவாகும். தோடர்கள் எருமை மேய்த்த புல்வெளிகளை ஆங்கிலேய அதிகாரிகள் பயனற்ற தரிசாகக் கண்டார்கள். அங்கே நீலகிரியில் கற்பூர மரம் என்று சொல்லப்படும் தைல மரத்தையும், ஆங்கிலத்தில் 'வாட்டில்' எனப்படும் சீகை மரத்தையும் கொண்டுவந்து நட்டார்கள். விடுதலைக்குப் பிறகும் ஆலைத் தேவைக்காக அந்த நடவு தொடர்ந்தது. சோலைக்கும் ஓடைக்கும் தண்ணீரைப் பிடித்துவைத்த புல்வெளி சுருங்கிப்போனது. தோடர் அங்கே வெட்டியதும் இல்லை, நட்டதும் இல்லை.

வன உரிமைச் சட்டம் உண்மையில் என்ன தருகிறது?

2006இல் நாடாளுமன்றம் இயற்றி 2007 டிசம்பர் 31இல் நடைமுறைக்கு வந்த சட்டம் இது. உழுது வாழ்ந்த நிலத்துக்கு 4 ஹெக்டேர் வரை உரிமை தருகிறது. பலருக்கு அது மட்டும்தான் தெரியும். மரபறிவைப் பொறுத்தவரை மற்ற உரிமைகள் அதைவிடப் பெரியவை. சிறு வனப் பொருள்களைச் சேகரிக்கவும் விற்கவும் உரிமை உண்டு. காலங்காலமாகப் பேணிவந்த காட்டைச் சமூகமாகப் பாதுகாக்கவும் நிர்வகிக்கவும் உரிமை உண்டு. பல்லுயிர் சார்ந்த மரபறிவின் மீது சமூகத்துக்கு அறிவுசார் சொத்துரிமையும் அதில் எழுதப்பட்டிருக்கிறது.

கிராம சபைதான் இதன் உயிர். ஒடிசாவின் நியாம்கிரி மலையில் பாக்சைட் சுரங்கம் வேண்டுமா என்பதைக் கிராம சபைகளே முடிவு செய்யட்டும் என்று 2013 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் சொன்னது. கூடிய 12 கிராம சபைகளும் வேண்டாம் என்றன. தமிழ்நாட்டிலோ சென்னை உயர் நீதிமன்றத்தின் இடைக்கால உத்தரவால் பட்டா வழங்குவது 2016இல் உச்ச நீதிமன்றம் அதை நீக்கும் வரை முடங்கிக் கிடந்தது. அந்த எட்டு ஆண்டுகளில் எத்தனை முதியவர்கள் தங்கள் காட்டின் எல்லையைக் கால்நடையாக நடந்து காட்ட வாய்ப்பில்லாமலே மண்ணுக்குள் போயிருப்பார்கள் என்று நினைத்தால் மனம் தாங்கவில்லை. அந்த எல்லை அவர்களுடைய நினைவில்தான் இருந்தது.

மரபறிவு இன்றைய வாழ்க்கைக்கு எப்படிப் பயன்படும்?

பாம்புக்கடிக்கு மருத்துவமனையில் போடும் ஊசியைப் பாருங்கள். பாம்பின் நஞ்சை எடுத்துச் சிறிது சிறிதாகக் குதிரைக்குச் செலுத்தி, அதன் குருதியில் உருவாகும் எதிர்ப்பொருளிலிருந்து அந்த மருந்தைத் தயாரிக்கிறார்கள். அந்த நஞ்சில் பெரும்பங்கு மாமல்லபுரம் அருகே வடநெம்மேலியில் உள்ள இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்திலிருந்து போகிறது.

இருளர்கள் முன்பு தோலுக்காகப் பாம்பு பிடித்தார்கள். 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் அதைத் தொடர்ந்து வந்த ஏற்றுமதித் தடையும் அந்தப் பிழைப்பை நிறுத்தின. ஊர்வன ஆய்வாளர் ரோமுலஸ் விட்டேக்கரின் துணையோடு 1978இல் இந்தச் சங்கம் உருவானது. நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கையும் வனத்துறை அனுமதித்த எண்ணிக்கையில் பிடித்து, சுமார் மூன்று வாரம் பானையில் வைத்து, நான்கு முறை நஞ்செடுத்து, வயிற்றுச் செதிலில் அடையாளமிட்டுத் திரும்பக் காட்டில் விடுகிறார்கள். பாம்பும் பிழைக்கிறது, கடிபட்டவரும் பிழைக்கிறார்.

பாம்பு ஊர்ந்த தடம், அதன் எச்சம், வளையின் வாயில் படிந்த மினுமினுப்பு, உரித்த சட்டை என்று இவர்கள் பார்க்கிற எதையும் நாம் பார்ப்பதில்லை. செங்கல்பட்டுப் பக்கத்து இருளர்களான மாசி சடையனும் வடிவேல் கோபாலும் 2017இல் அமெரிக்காவின் ஃபுளோரிடாவுக்கு அழைக்கப்பட்டார்கள். அங்கே வளர்ப்புக்காகக் கொண்டுவரப்பட்டுப் பின் காட்டில் பெருகிவிட்ட பர்மிய மலைப்பாம்புகள் சதுப்புநிலத்தின் சிறு விலங்குகளைத் தின்று தீர்த்துக்கொண்டிருந்தன. பழக்கமில்லாத நாட்டில், பழக்கமில்லாத பாம்பை, முதல் இரண்டு வாரத்துக்குள் 13 பிடித்தார்கள். 2023இல் இருவருக்கும் பத்மஸ்ரீ விருது கிடைத்தது.

ஆனால் ஒன்று. விருது வந்த அதே சமூகத்தில் சாதிச் சான்றிதழுக்காக அலுவலக வாசலில் ஆண்டுக்கணக்கில் நிற்கிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள்.

அவர்கள் அறிவால் மற்றவர்கள் லாபம் பார்த்தால்?

அகத்தியமலையின் காணிக்காரர் கதை இதற்குப் பாடம். 1987இல் திருவனந்தபுரம் பக்கத்து மலையில் தாவர ஆய்வாளர்கள் காணி வழிகாட்டிகளோடு ஏறினார்கள். ஆய்வாளர்கள் களைத்துப்போனார்கள், வழிகாட்டிகளோ ஏதோ சிறு காயைத் தின்றபடி சளைக்காமல் நடந்தார்கள். என்ன காய் என்று கேட்டபோது முதலில் தயங்கினார்கள். பிறகு காட்டினார்கள். அதுதான் ஆரோக்கியப்பச்சை. அதிலிருந்து 'ஜீவனி' என்ற மருந்து உருவாக்கப்பட்டு, 10 லட்ச ரூபாய் கட்டணத்துக்கும் விற்பனையில் 2 சதவீதப் பங்குக்கும் ஒரு நிறுவனத்துக்கு உரிமம் தரப்பட்டது. அதில் பாதி காணிக்காரருக்கு என்று முடிவானது. அந்தப் பணத்தைப் பெற 1997இல் ஓர் அறக்கட்டளை அமைத்தார்கள். உலகம் முழுவதும் இதை முன்மாதிரியாகப் பேசினார்கள்.

பங்கு கொடுத்தது நல்ல காரியம். ஆனாலும் சிக்கல்கள் வந்தன. காணிகளின் வைத்தியர்களான பிலாத்திகளில் சிலர், வெளியே சொல்லக்கூடாத அறிவை விற்றுவிட்டதாக ஆட்சேபித்தார்கள். வேறு பகுதிக் காணிகளிடம் யாரும் கேட்கவில்லை. செடியை வளர்த்து விற்பதில் வனத்துறையோடு இழுபறி ஏற்பட்டது. வழிகாட்டிகள் இரண்டு மூன்று பேர் சொன்னதைச் சமூகமே சம்மதித்ததாக எடுத்துக்கொள்ளலாமா? கூடாது என்பதே என் உறுதியான எண்ணம். பணம் எவ்வளவு என்பதற்கு முன்னால் யாரிடம் கேட்டோம் என்ற கேள்விக்குப் பதில் இருக்க வேண்டும்.

அரசின் மரபறிவு மின்னூலகம் இதைப் பாதுகாக்கவில்லையா?

2001இல் தொடங்கிய அந்த நூலகம் பயனுள்ளதுதான். மஞ்சளின் காயமாற்றும் குணத்துக்கு அமெரிக்காவில் 1995இல் கொடுத்த காப்புரிமை 1997இல் ரத்தானதற்கு நம் எழுத்து ஆதாரங்கள் உதவின. அந்த அனுபவத்திலிருந்து பிறந்த நூலகம் அது. ஆனால் ஆயுர்வேதம், சித்தம், யுனானி போல் ஏட்டில் இருப்பதைத்தான் அது பெரிதும் தொகுக்கிறது. காணியின் அறிவும் காட்டுநாயக்கரின் அறிவும் ஏட்டில் இல்லை.

அப்படியானால் பழங்குடிப் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பாமல் காட்டிலேயே வைத்திருக்கச் சொல்கிறீர்களா?

இல்லை. இந்தக் கேள்வியை எந்த ஆதிவாசித் தாயிடம் கேட்டாலும் கோபப்படுவார். பிள்ளை படிக்க வேண்டும், செவிலியராக வேண்டும், வழக்கறிஞராக வேண்டும் என்றுதான் அவர் நினைக்கிறார். படித்த ஆள் ஊரில் இல்லாததால் பறிபோன நிலம் எவ்வளவு என்று அவருக்குத் தெரியும்.

பள்ளி நடக்கும் விதத்தில்தான் சிக்கல். உண்டு உறைவிடப் பள்ளியில் சேர்கிற ஆறு வயதுப் பிள்ளை வீட்டையும் காட்டையும் ஒரே நாளில் விடுகிறது. வீட்டில் பேசுவது பணிய மொழி அல்லது பெட்டக்குறும்ப மொழி. வகுப்பில் கேட்பது தமிழ். ஆசிரியர் கேட்பது புரியாமல் பிள்ளை பேசாமல் இருக்கிறது. மந்தம் என்று பெயர் வாங்குகிறது. தேன் காலமும் கிழங்குக் காலமும் பள்ளி நாட்களில் வந்துபோகின்றன. விடுமுறைக்கு வீடு திரும்பும்போது தாத்தாவுக்குப் பின்னால் நடந்து கற்கவேண்டிய ஒரு பருவம் முடிந்துவிடுகிறது. பத்தாம் வகுப்பில் நின்றுபோனால் அந்தப் பிள்ளைக்கு இரண்டு பக்கமும் இல்லை.

தாய்மொழியில் தொடக்கக் கல்விக்கு வசதி செய்ய வேண்டும் என்று அரசமைப்புச் சட்டமே சொல்கிறது. வேறு வழி உண்டு என்பதைக் கூடலூர் காட்டியிருக்கிறது. பணியர், பெட்டக்குறும்பர், முள்ளுக்குறும்பர், காட்டுநாயக்கர், இருளர் என ஐந்து சமூகங்களின் பிள்ளைகளுக்காக அங்கே 1990களிலிருந்து இயங்கும் வித்யோதயா பள்ளியில், அந்தச் சமூகங்களிலிருந்தே வந்த ஆசிரியர்கள் பாடம் நடத்துகிறார்கள். பாட்டும் கதையும் கைவேலையும் பாடத்தோடு சேர்ந்து வருகின்றன. தன் மொழி தெரிந்த ஆசிரியர் ஒருவர் வகுப்பில் நின்றாலே பிள்ளையின் வாய் திறக்கும்.

நான் அரசுப் பள்ளி ஆசிரியர். பாடநூலை மாற்ற என்னால் முடியாது. என்ன செய்யலாம்?

பிள்ளைகளிடம் கேளுங்கள். 'இந்தப் பறவைக்கு உங்கள் வீட்டில் என்ன பெயர்?' என்ற ஒரு கேள்வி போதும். கரும்பலகையில் தமிழ்ப் பெயருக்குப் பக்கத்தில் அந்தப் பெயரையும் எழுதுங்கள். ஊர்ப் பெரியவர் ஒருவரை வகுப்புக்கு அழையுங்கள். கூலி இழந்து வருகிறவர் என்பதால் அதற்கான பணத்தைக் கொடுங்கள். முடிந்தால் அவரோடு பிள்ளைகள் வெளியே நடக்கட்டும், நீங்கள் பின்னால் நடங்கள். தேர்வு வைக்க வேண்டாம்.

எல்லாப் பழைய வழக்கமும் நல்லதா?

இல்லை. எந்தச் சமூகத்திலும் அப்படி இல்லை. பாம்பு கடித்தால் பச்சிலையை நம்பி நேரத்தைக் கடத்தாமல் மருத்துவமனைக்குப் போக வேண்டும். நஞ்செடுக்கிற இருளர்களும் இதையே சொல்வார்கள். பெண்களைத் தள்ளிவைக்கும் வழக்கங்களை அந்தச் சமூகத்துப் பெண்களே கேள்வி கேட்கிறார்கள். எதை வைத்துக்கொள்வது, எதை விடுவது என்ற முடிவு அவர்களுடையது.

பெரியவர்கள் மறைந்துகொண்டிருக்கிறார்கள். எல்லாவற்றையும் உடனே பதிவு செய்துவிட வேண்டாமா?

செய்யலாம், அவர்கள் விரும்பினால். பதிவு யார் கையில் இருக்கும், யார் கேட்கலாம், எதைப் பதிவு செய்யக்கூடாது என்பதை முதலில் பேசி முடிக்க வேண்டும். சமூகத்து இளைஞர்களே அதைச் செய்தால் இன்னும் நல்லது.

ஆனால் பதிவோடு வேலை முடிந்ததாக நினைக்கிறவர்களிடம் நான் தோடர் கோயிலைப் பற்றிச் சொல்வேன். மந்தில், அதாவது தோடர் குடியிருப்பில், இருக்கும் அந்தக் கோயிலின் வளைந்த கூரையை வேய, நீலகிரியின் உயரமான சதுப்புகளில் மட்டும் வளரும் ஒரு புல் வேண்டும். மூங்கிலையும் பிரம்பையும் வளைத்துக் கட்டி, ஆண்கள் கூடி அந்தப் புல்லை வேய்கிறார்கள். கட்டும் முறையைப் படம் பிடித்தாயிற்று, பலமுறை எழுதியாயிற்று. சீகையும் தேயிலையும் காய்கறித் தோட்டமும் சதுப்புகளைத் தின்றுவிட்டதால், புல்லைத் தேடி இப்போது வெகுதூரம் போக வேண்டியிருக்கிறது. சீகையை அகற்றிப் புல்வெளியை மீட்கும் வேலை மலையின் சில இடங்களில் நடந்துகொண்டிருக்கிறது. எந்தப் புல்லை எந்த ஈரத்தில் நட வேண்டும் என்று சொல்லத் தோடர்கள் அங்கே இருக்கிறார்கள்.